மச்சான், புதன்கிழமை உங்கள் வேன் தேவையில்லை

பூண்டுலோயா,
13.2.1961, திங்கட்கிழமை.

என் மனைவி நாகலெட்சுமியின் ஒரே தம்பியும், என் மகள் ராசம்மாவின் தாய்மாமனும், நோட்டன் பிரிட்ஜில் புது வேன் வைத்திருப்பவருமாகிய அன்பு மைத்துனர் நல்லமுத்து அவர்களுக்கு, பூண்டுலோயா கடைவீதியில் அரிசிக் கடையும் பழைய பிக்கப்பும் வைத்திருக்கும் உங்கள் அத்தான் இராமையா எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் வேனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேனின் சுகத்தை விசாரித்ததில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். போன வாரம் பட்டப்பகலில், கடைவீதியே பார்த்துக்கொண்டிருக்க, நான் பிக்கப்பிலிருந்து இடுப்புக்குக் கீழே நனைந்த வேட்டியோடு இறங்கினேன் என்று பஸ் கண்டக்டர் உங்களிடம் சொல்லியிருப்பான். இறங்கியது உண்மை. நனைந்ததும் உண்மை. ஆனால் அது தண்ணீர், மச்சான். குடத்துத் தண்ணீர். நான் அதை ஒவ்வொரு கடையாக ஏறிச் சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லச் சொல்ல எல்லோரும் "ஆமாங்க, தண்ணிதாங்க, வயசாச்சில்ல" என்று ஆறுதல் சொன்னார்கள். இந்த வயதில் ஒரு மனிதன் தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏன் வண்டி ஓட்டினான் என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்குக் காரணம் நீங்கள்தான்.

கார்த்திகை மாதத்தில் பட்டிப்பொலவில், சம்பந்தி வீட்டில், ராசம்மாவுக்கு வளைகாப்பு நடந்ததே, அன்றைக்குப் பந்தியில் பேச்சு வந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையைப் பூண்டுலோயாவுக்கு யார் வண்டியில் அழைத்துப்போவது என்று யாரோ கேட்டார்கள். நான் வாயில் இருந்த பாயசத்தை விழுங்கிவிட்டு "இதென்ன கேள்வி" என்று ஆரம்பிப்பதற்குள் ராசம்மா, "அப்பா வண்டி வேணாம்ப்பா. முத்து மாமா வேன்ல வந்தா தூங்கிக்கிட்டே வந்துருவேன். ஒங்க வண்டியில ஏறுனா நானுஓயா தாண்டுறதுக்குள்ள பெத்துருவேன்" என்றாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்களைவிட நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்ததை நீங்கள் கவனித்திருக்கலாம். வயிறு எரிகிறவன் அப்படித்தான் சிரிப்பான். வருகிற புதன்கிழமை நீங்கள் வேனில் வந்து அழைத்து வருவது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

நானும் பொறுத்துத்தான் பார்த்தேன். அவளுக்குக் காது குத்தியபோது உட்கார்ந்தது உங்கள் மடியில். வலியில் அவள் கடித்தது மட்டும் என் கையை. பெரிய பிள்ளையானபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியது நீங்கள்; நான் எட்டிப் பார்த்ததற்கு "ஆம்பளைக்கு இங்க என்னா வேல?" என்று பெண்கள் விரட்டினார்கள். நீங்கள் என்ன, பெண்பிள்ளையா? கேட்டால் தாய்மாமன் முறை என்பார்கள். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில் நீங்கள் தலைப்பாகையோடு முழுதாக நிற்கிறீர்கள். நான் ஓரத்தில் ஒரு காதளவுக்கு இருக்கிறேன். அந்தக் காது என்னுடையதுதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் காட்டவேண்டியிருக்கிறது. தாய்மாமனுக்கு எல்லாவற்றிலும் ஒரு முறை இருக்கிறது, சரி. தகப்பனுக்கு என்ன முறை என்று கேட்டால், "வாழமரம் வந்துருச்சான்னு போயிப் பாருங்க" என்கிறார்கள். போகட்டும், என் மகளை என் வீட்டுக்கு என் வண்டியில் அழைத்து வருவதாவது எனக்கு மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். அதையும் உங்கள் வேன் கொண்டுபோய்விட்டது.

அதனால்தான் வண்டி பழுது பார்க்கும் சரிபுதீன் பாஸின் கராஜுக்குப் போனேன். என் பிக்கப் யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். வெடிகுண்டு ஏற்றவென்று செய்த வண்டி. பின்சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட்டுப் போட்டு இறுக்கி வைத்திருப்பார்களே, அந்த ஸ்பிரிங்தான் குலுக்கலுக்குக் காரணம் என்று நானே குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். வெடிகுண்டுக்கு இத்தனை பட்டை என்றால் பிள்ளைத்தாச்சிக்குப் பாதி போதும் என்பது என் கணக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு அது. சரிபுதீன் பாஸ் தாடியைத் தடவிக்கொண்டு, "அண்ணே, நீங்க எடுக்கச் சொன்னா எடுப்பேன், வைக்கச் சொன்னா வைப்பேன். எங்க வாப்பா காலத்துல ஒருத்தரு எல்லாத்தையும் கழட்டிட்டுத் தென்னமட்டைய வச்சிக் கட்டச் சொன்னாரு, அதையும் கட்டிக் குடுத்தோம்" என்றார். இரண்டு பக்கமும் பாதிப் பட்டைகளைக் கழற்றினோம். அடடா, மச்சான், வெறும் வண்டியில் நான் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றியபோது தொட்டிலில் போவது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் உங்கள் அக்காளையும் ஏற்றி, பின்னால் முட்டைக்கோவா மூட்டையும் ஏற்றினேன். ஏறியதும் வண்டியின் பின்பக்கம் கன்று போட்ட பசு மாதிரி உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. டயர் மட்கார்டில் உரசி, கடைவீதி முழுக்க ரப்பர் தீய்கிற வாடை. பனிமூட்டத்துக்காக விளக்கைப் போட்டால் வெளிச்சம் மலை உச்சியில் கொழுந்து எடுக்கிறவர்களின் மேல் போய் விழுந்தது. உங்கள் அக்காள், "என்னாங்க, என்னைய ஏத்துனதுனாலதான் இப்பிடி ஆச்சின்னு யார்கிட்டயாச்சும் சொன்னீங்க, அப்பறம் சோறு இல்ல" என்றாள். நான் கோவாவின் மேல் பழியைப் போட்டேன்.

குறைத்தது தப்பு என்றால் கூட்டுவதுதானே சரி? பூண்டுலோயாவில் எவனும் அப்படித்தான் யோசிப்பான். சரிபுதீன் பாஸின் கராஜுக்குப் பின்னால் தேயிலைப் பெட்டி ஏற்றிய பழைய லொறி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் பட்டைகளைக் கழற்றி, நெருப்பில் காய்ச்சித் தட்டி, என் வண்டியின் பட்டைகளோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஏறுவதற்கு முக்காலி வேண்டியிருந்தது. ஆனால் பார்க்கக் கம்பீரமாக இருந்தது, உங்கள் வேனைவிட ஒரு முழம் உயரம். இதில் ராசம்மா வரலாமா என்று சோதித்துப் பார்க்கத்தான் அந்தக் குடம். அவள் உட்காரப் போகும் இடத்தில், விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அவளுடைய பழைய பாவாடையைச் சும்மாடாக வைத்துக் குடத்தை உட்காரவைத்தேன். தண்ணீர் சிந்தாவிட்டால் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்பது என் யோசனை. முதல் பள்ளத்தில் குடம் பாதியானது. இரண்டாவது பள்ளத்தில் குடம் என் மடிக்கு வந்தது. மூன்றாவது பள்ளத்தில் நான் குடத்தின் மடிக்குப் போனேன். மிச்சத்தைக் கண்டக்டர் உங்களுக்குச் சொல்லியிருப்பான்.

மறுநாள் நாவலப்பிட்டியிலிருந்து கடைக்கு அரிசி ஏற்றி வந்தேன். வண்டி நிறைய மூட்டை, மூட்டைகளுக்கு மேலே யாரோ கொடுத்தனுப்பிய முட்டைக் கூடை. வழி முழுக்க வண்டி அசைந்ததே தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் ஒரு முட்டைகூட உடையவில்லை. அங்கேயே, நடுவீதியில், கையில் முட்டையோடு எனக்கு ஞானம் பிறந்தது. பாரம் இருந்தால் இந்த வண்டி பல்லக்கு. பாரம் இல்லாவிட்டால் கழுதை. அப்படியானால் அரிசி மூட்டையோடே பட்டிப்பொலவுக்குப் போகலாமே என்று உங்கள் அக்காளிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ண அழைக்கப் போற வண்டியில மூட்டை இருந்தா சம்பந்தி வீட்டுல என்னா நெனைப்பாங்க? சீரு வந்துருக்குன்னு எறக்கி உள்ள வச்சிருவாங்க. வேணாம், அது எங்களுக்குத்தான்னு சொல்லுவீங்களா?" என்றாள். நியாயம்தான். போகும்போது பல்லக்காகப் போய் வரும்போது கழுதையாக வரமுடியாது. இறக்கி வைத்துக்கொள்ள முடியாத பாரம் வேண்டும், போகிற இடத்தில் சாப்பிட்டுவிட்டு முன்பைவிடக் கொஞ்சம் கனமாகவே திரும்பி வரும் பாரம் வேண்டும். அப்போதுதான் ராக்காயி அக்காள் கடைக்குக் கருவாடு வாங்க வந்தாள்.

ராக்காயி அக்காளை உங்களுக்குத் தெரியும். தோட்டத்து மேல் லயத்தில் குடியிருப்பவள், நமக்கு ஒன்றுவிட்ட உறவு. கல்யாணப் பந்தியில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் எதிர்முனையில் இருந்தவர் அந்தரத்தில் எழும்பிப் போனது நினைவிருக்கும். அவளோடு சேர்த்து, ஆளையும் அளவையும் பார்த்து, எட்டுப் பெண்களை அழைத்தேன். "நீங்க எல்லாம் வந்தாத்தான் எம் பொண்ணுக்குக் கௌரவம்" என்றேன். சிலர் நெகிழ்ந்து போனார்கள். புதன்கிழமை வடக்கே சூலம், வடக்கே கிளம்பி வருவது பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்று பஞ்சாங்கத்தைக் காட்டி, நேற்று ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம் என்று உங்கள் அக்காள் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் அப்போது இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்பது வேறு விஷயம்.

போன பயணத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். முன்னால் உங்கள் அக்காள் உட்கார, பின்னால் எட்டுப் பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு வர, வண்டி எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. பட்டிப்பொலவில் இறங்கியதும் மருமகன் அழகன் ஓடி வந்து, "என்னாங்க மாமா, சத்தமே கேக்கல? முத்து மாமா வேனோன்னு நெனச்சேன்" என்றான். அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்கவேண்டும். உங்கள் பெயரைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. "வேன் என்னாங்க மாப்ள பெரிய வேன்? எல்லாம் ஸ்பிரிங்குல இருக்கு. லொறிப் பட்டை போட்டுருக்கேன். அதுக்குத் தக்கன பாரம் வேணும். ராக்காயி அக்கா மாதிரி எட்டுப் பேர ஏத்துனா எந்த வேனும் பக்கத்துல நிக்காது. மூட்டைய ஏத்தலாம்னுதான் பாத்தேன்..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், பின்னால் பணியாரத் தட்டோடு ராக்காயி அக்காள் நிற்கிறாள்.

"ஏன் தம்பி, மருவாதிக்கிக் கூப்புட்டீங்கன்னு வந்தேன். பாரத்துக்கா கூப்புட்டீங்க?"

"அப்பிடி இல்லக்கா..."

"எரவல் பட்டுச்சீல உடுத்திக்கிட்டு வந்தேனே! மூட்டைக்கி எதுக்குப் பட்டு? முன்னாடியே சொல்லியிருந்தா சாக்கச் சுத்திக்கிட்டு வந்துருப்பேனே!"

எட்டுப் பேரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். "நாங்க ரயில்ல போயிக்கிறோம்" என்று ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். நான் உங்கள் அக்காளைப் பார்த்தேன். "என்னைய ஏன் பாக்குறீங்க? நானும் கோவா மூட்டையோட போன பாரந்தானே?" என்று அவளும் அவர்களோடு போய்விட்டாள். வெறும் வண்டியில் பிள்ளையை ஏற்ற எனக்கே தைரியம் வரவில்லை. ராசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, "அப்பா, நானும் அம்மாவோட ரயில்ல வாறேன். நீங்க பாத்து வாங்க" என்றாள். ஆக, தாய்மாமன் வேனிலும் இல்லை, தகப்பன் வண்டியிலும் இல்லை, என் மகள் அரசாங்கத்து ரயிலில் புறப்பட்டாள். நான் மட்டும் அந்த உயரமான வண்டியில் தனியாக ஏறினேன். எனக்கு முக்காலி எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. அம்பேவெலையில் வெற்றிலைப் பெட்டி ஜன்னல் வழியாக வெளியே போனது. நுவரெலியாவில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, "ஹெமின் யன்ன, மஹத்தயா" என்றார். மெதுவாகப் போகச் சொல்கிறார். நான் மெதுவாகத்தான் போனேன், மச்சான். வண்டிதான் மேலும் கீழும் வேகமாகப் போனது.

ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடிக்கவேண்டிய தலவாக்கலை ஸ்டேஷனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வடை சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூண்டுலோயா பஸ் வழியில் எங்கோ பழுதாகி நின்றுவிட்டதாம். நான் கும்பிடு போட்டேன். ராக்காயி அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏறுறோம். ஆனா ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி, வெத்தல பாக்கு வச்சி, கல்யாணத்துக்குக் கூப்புடுற மாதிரிக் கூப்புடணும்" என்றாள். ஸ்டேஷன் வாசலில், ஊர் பார்க்க, கடையில் வெற்றிலை வாங்கி, எட்டுப் பேருக்கும் பெயர் சொல்லி வைத்தேன். உங்கள் அக்காளும் கையை நீட்டினாள். முப்பது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கும் வெற்றிலை வைத்து அழைத்தேன். வாங்கிக்கொண்டு, "நான் இவங்களோட பின்னாடியே ஒக்காந்துக்கிறேன்" என்று ஏறினாள். ராசம்மா மட்டும் முன்னால், என் பக்கத்தில்.

இனிமேல் எழுதுவதை நீங்கள் நிதானமாக, முடிந்தால் வேனுக்குள் உட்கார்ந்து படிக்கவேண்டும். தலவாக்கலை தாண்டி இரண்டு வளைவு போகவில்லை, ராசம்மா தூங்கிவிட்டாள். என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, சின்ன வயதில் திறந்திருந்தது போலவே. வளையல்கூடச் சத்தம் போடவில்லை, அப்படிப் போனது வண்டி. வீடு வந்தது. நான் நிறுத்தவில்லை. அப்படியே தாண்டி, தோட்டத்து பெக்டரி வரைக்கும் மேலே போய், அங்கே திருப்பிக்கொண்டு வந்தேன். பின்னால் எட்டுப் பேரும் உங்கள் அக்காளும் தகரத்தைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். "வூடு போயிருச்சு, வூடு போயிருச்சு!" என்று ராக்காயி அக்காள் கத்தினாள். இறங்கியதும் எல்லோரும் கேட்டார்கள். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், பிரேக்குக்கு ஒரு கேடும் இல்லை.

ஆகவே, மச்சான், ராசம்மா நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள். பாதி ரயிலில் வந்தாலும், வீட்டு வாசலில் வந்து இறங்கியது என் வண்டியில். ஊர் அதைத்தான் பார்த்தது. புதன்கிழமை உங்கள் வேன் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்கும் நானே கொண்டுபோவேன், பிள்ளையோடு திரும்பவும் நானே கூட்டி வருவேன். நீங்கள் பிறகு ஒரு நாள், அவசரமில்லாமல், பஸ்ஸில் வந்து பார்த்தால் போதும். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் கையும் காலும் சுகமாக இருக்கட்டும், வேனும் அதன்பாட்டில் நோட்டன் பிரிட்ஜிலேயே நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
மு. இராமையா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அக்காள் ஒரு கேள்வி கேட்டாள். "வலி எடுத்தா என்னா செய்வீங்க? எட்டு வூட்டுக்கும் போயி வெத்தல பாக்கு வச்சிக் கூப்புட்டுட்டு வாற வரைக்கும் புள்ள காத்துக்கிட்டு இருக்குமா?" ஆகவே மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, புதன்கிழமை வேனோடு கட்டாயம் வந்துவிடுங்கள். பிள்ளை பிறக்கும் வரைக்கும் வேன் எங்கள் வாசலிலேயே நிற்கட்டும். இடம் வேண்டுமென்பதால் பிக்கப்பை நாளைக்கே சரிபுதீன் பாஸின் கராஜில் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். பெக்டரியிலிருந்து திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும், பின்னால் இருந்தவர்கள் இறங்குவதற்கு முன்னால், ராசம்மா கண்ணைத் திறக்காமலேயே என் தோளைத் தட்டி, "நல்லாத் தூங்கிட்டேன் முத்து மாமா. ஒங்க வண்டியில ஏறுனாலே இப்பிடித்தான். வூடு வந்துருச்சா?" என்று கேட்டாள். "வந்துருச்சும்மா, பாத்து எறங்கு" என்றேன். "மாமா இல்லம்மா, அப்பா" என்று சொல்லவில்லை.